வள்ளி மாட்டேன்னு சொன்னது

13 ஜூலை 2003, ஞாயிறு

ஜவ்வாது மலையிலேர்ந்து வேனை ஓட்டிக்கினு வூடு வந்து சேர்ந்தாச்சு. கோவம்தான் இன்னும் அடங்கல.

திருவொத்தியூர் ஆளுங்களைக் கூட்டிக்கினு போயிருந்தேன். மலை ஜனங்க வூட்லயே தங்கி, அவங்க சமைக்கிறதைச் சாப்பிடற ஏற்பாடு. அதுல ஒரு வூட்டுக்காரி வள்ளி, சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டா. எல்லாரும் நல்லாத்தான் சாப்ட்டாங்க. அப்புறம் ஒருத்தர் கேமராவோட வந்து, "இந்தம்மா நைட்டி போட்டுக்கினு நின்னா மலைவாசி மாதிரியே இல்லப்பா. புடவையை முட்டிக்கு மேல கட்டிக்கினு ஆடச் சொல்லு"ன்னாரு.

வள்ளி மாட்டேன்னுட்டா. நான் மீன்பிடிக் குப்பத்து ஆளுன்னு அவளுக்குத் தெரியும். "உங்க ஊருக்கு நான் வந்தா, வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு எனக்கு ஆடிக் காட்டுவியாண்ணா?"ன்னு கேட்டா.

நான் அந்த ஆளுகிட்ட, "கேமராவை உள்ள வை சார்"னு சொல்லிட்டேன்.

இறங்கினதும் அவரு நேரா எங்க வேன் முதலாளிகிட்ட போயிட்டாரு. முதலாளி என்னைக் கூப்ட்டு, "அடுத்த மாசம் ஏலகிரி ஓட்டலுக்கு ஓட்டு. அந்த ஊரே வேணாம்"ன்னாரு. "தப்பு மலை ஜனங்க மேல இல்ல சார்"னேன். "கஸ்டமரை விட அவங்க பெருசா நைனா?"ன்னுட்டு எழுந்து போயிட்டாரு.

கெளம்பும்போது வள்ளி, அடுத்து வர்றவங்களுக்குன்னு வாங்கி வெச்ச புதுப் பாயைக் காட்டினா. காலைல போன் பண்ணணும். இன்னான்னு சொல்றது அவகிட்ட.