கிர்காஸ் ஏரியில் விழும் பழுப்புநீரைத் திருப்பிவிடக் கோரி

அனுப்புநர்:
ஹில்க்கா தெர்வோனென்,
மீன்பிடிப்பவர், கிர்காஸ் ஏரி வடகரை,
வட கரேலியா, பின்லாந்து.

பெறுநர்:
நீர்நிலை மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
சுற்றுச்சூழல் அலுவலகம்.

பொருள்: சதுப்புநிலக் கால்வாய் நீரால் ஏரி மீன்கள் மூச்சுமுட்டி இறப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஏரிக்கு மேற்கே உள்ள சதுப்பில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டுகிறார்கள். அதற்காகச் சதுப்பை வடிக்கத் தோண்டிய கால்வாயின் பழுப்புநீர் நேராக ஏரியில் விழுகிறது. கிர்காஸ் என்றால் எங்கள் மொழியில் தெளிவு. இன்று இடுப்பளவு நீரில் நின்றால் என் பாதம் எனக்கே தெரிவதில்லை.

2. என் முந்தைய மனுவுக்கு அளித்த பதிலில், அது மட்கிய இலையும் பாசியும் கரைந்த நீர்தான், நஞ்சல்ல என்று தெரிவித்திருந்தீர்கள். மறுக்கவில்லை. அளவோடு இருந்தால் அந்தப் பழுப்பு கடும் வெயிலிலிருந்து மீன்குஞ்சுகளைக் காக்கும். நீரிலுள்ள உலோகங்களின் கடுமையையும் தணிக்கும். அளவு மீறியதால் அடியில் வெளிச்சம் படாமல் நீர்ச்செடிகள் அழிந்தன. கண்ணால் பார்த்து இரை தேடும் மீன்கள் மெலிந்தன. கரைந்ததைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகிப் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. ஏரி உறைந்த பின் புதுக்காற்று இறங்க வழியில்லை.

3. கடந்த மார்ச்சில் என் கணவர் ஒஸ்மோ வலை போடப் பனிக்கட்டியில் துளை அறுத்தார். வலை இறங்குமுன்பே வெண்மீன்கள் தாமாகத் துளைக்கு வந்து வாயைப் பிளந்து நின்றன. பக்கத்து வீட்டு உர்போ, கரிமண் வெட்டுமிடத்தில் டிராக்டர் ஓட்டுபவர், சிரித்துக்கொண்டே வந்தார். "வலை எதுக்குண்ணே? வாளியக் கொண்டாங்க, அள்ளிக்கலாம்!" என்றார். என் கணவர் வலையைச் சுருட்டினார். "மூச்சுக்கு வந்து நிக்குதுடா. அதப் போயி அள்ளச் சொல்றியே" என்றார். உர்போ குனிந்து பார்த்தார். வீட்டுக்குப் போய் ரம்பத்தோடு வந்தார்.

4. இருவரும் இருட்டும்வரை துளைகள் அறுத்தார்கள். மறுநாள் கரையோரக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்துகொண்டோம். அறுத்த இடம் உறைய உறைய, திரும்ப அறுத்தோம். பனி உருகியபோது கரை நெடுக வெண்மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. என் வலையில் விழுந்து செத்திருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன், ஐயா. இந்த இலையுதிர்காலத்தில் முட்டையிட வந்தவை மிகச் சில.

5. கரிமண் வெட்டுவதை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. அதில் பிழைக்கும் வீடுகள் இங்கே உண்டு. கால்வாய் நீரைத் தெற்கேயுள்ள சதுப்புக்காட்டில் பரவவிட்டு, வடிந்தது மட்டும் ஏரியைச் சேரும்படி செய்தால் போதும். ஏரி உறைய இன்னும் சில வாரங்களே உள்ளன. அதற்குள் தாங்கள் நேரில் வந்து பார்த்து ஆணையிட வேண்டுகிறேன்.

இம்மனுவில் உர்போவும் கையொப்பமிடுகிறார். வேலைக்கு ஆபத்து வருமே என்று தடுத்தேன். "நான் வேற எடத்துல ஓட்டிக்குவேன் அண்ணி. அதுங்க எங்க போகும்?" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

இடம்: கிர்காஸ் ஏரி வடகரை
நாள்: நவம்பர் 2

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
ஹில்க்கா தெர்வோனென்
உர்போ லாசனென்