சாரலில் கறுத்த முகம்

தென்காசி

அன்பு மகன் யாசருக்கு உம்மா ரஹ்மத்துன்னிசா துஆவுடன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே உன் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டும். வாப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் நஸீபா காதில் விழும், அதனால் லீவு முடிந்து தம்மாம் திரும்பும் உன் கூட்டாளி ஆதம் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் பெண்டாட்டி நஸீபா வீடியோ காலில் முகம் காட்டுவதில்லை, என்ன கோபமோ என்று கேட்டாய். கோபமெல்லாம் இல்லை. நீ லீவில் வருவதற்குள் முகத்துப் பருக்குழிகளை மாற்ற வேண்டும் என்று திருநெல்வேலியில் லேசர் செய்துகொண்டாள். தோல் சிவந்து, பொருக்குத் தட்டி, நன்றாகத்தான் ஆறி வந்தது. பொருக்கைப் பிய்க்காதே, வெயிலுக்கான கிரீம் பூசாமல் வெளியே போகாதே என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து உன் தங்கச்சி மாஜிதாவைக் கட்டிக்கொடுத்த வீட்டார் சீசனுக்கு வந்து இறங்கினார்கள். சம்பந்தி வீட்டாரைக் குற்றாலம் கூட்டிப் போகாமல் அனுப்ப முடியுமா, மருமகள் வரவில்லை என்றால் பேச்சு வராதா. வானம் மூடிக் கிடந்தது, ஐந்தருவியில் விடாமல் சாரல். வெயிலே இல்லியே மாமி, கிரீம் எதுக்கு, தண்ணியில போயிரும்லா என்றாள், எனக்கும் சரியென்றுதான் பட்டது. நம் ஊரில் சாரல் நாளில் யார் வெயிலை நினைப்பார்கள். மேகத்துக்குள்ளும் வெயில் உண்டாம், புதுத் தோலுக்கு அதுவே போதுமாம். சில நாளில் கன்னம் இரண்டும் திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது.

சரியாகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், கொடுத்த மருந்தை மட்டும் பூசு, அவசரப்பட்டு இன்னொரு லேசர் செய்தால் இன்னும் கறுக்கும் என்கிறார் டாக்டரம்மா. நீ வருவதற்குள் ஆகாது. அவங்கள இப்ப வர வேண்டாம்னு சொல்லுங்க மாமி, டிக்கெட்ட மாத்தச் சொல்லுங்க என்று அழுகிறாள். சோறு வைத்தால் அப்படியே இருக்கிறது, தலையைத் தடவினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை யாசர்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதே. பெருநாளைக்குப் பேசும்போது, ஏட்டி கொஞ்சம் தள்ளி உக்காரு, கேமராவுல குழியெல்லாம் தெரியுது என்று சிரித்தாய். நாங்களும் சிரித்தோம், அவளும்தான் சிரித்தாள். மறுநாள் காலையில் மாஜிதாவிடம் அந்த லேசர் டாக்டரம்மா நம்பரைக் கேட்டாள்.

டிக்கெட்டை மாற்றாதே. வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விட்டுவிடாதே, அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஏர்போர்ட்டில் அவள் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டுதான் நிற்பாள். விலக்கச் சொல்லாதே. அவளாக விலக்கும்போது, விளையாட்டுக்குக்கூடச் சிரித்துவிடாதே மகனே.

உன் உம்மா,
ரஹ்மத்துன்னிசா