ஒருமனப்பட்ட சபை

துல்சா, ஒக்லஹோமா
1980 ஆகஸ்ட் 19

கர்த்தருக்குள் பிரியமான நீவா அக்காவுக்கு,

தம்பி ராய்ஸ் எழுதுவது. நானும் ஜூனும் சுகம். உன் சுகமும் அத்தான் ஆர்வல் சுகமும் அறிய ஆவல். வெயில்தான் ஆளைத் தின்கிறது. போன ஞாயிறு ஆராதனையின் நடுவில் ஏ.சி. நின்றுபோய், பாடகர் குழுவில் இரண்டு பேர் மயங்கி உட்கார்ந்துவிட்டார்கள். என் பிரசங்கம் அதற்குக் காரணமில்லை என்று ஜூன் சாட்சி சொல்கிறாள்.

காரியத்துக்கு வருகிறேன். உங்கள் தொகுதியில் ஹாய்ட் டாபின்ஸ் மாநில செனட்டுக்கு நிற்கிறார். பாஸ்டர்கள் நாங்கள் எல்லோரும் அவர் பக்கம். அதற்காக ஒரு குழு அமைத்து என்னைத் தலைவனாக்கியிருக்கிறார்கள். அக்டோபர் 19, ஞாயிறு ஆராதனையில், நம் பிரெய்ரி ஸ்பிரிங்ஸ் சபையில், அப்பா முப்பது வருஷம் நின்ற அதே பிரசங்க பீடத்தில் நின்று பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான்.

தடை அப்பா எழுதிவைத்த விதிதான். ஊழியக்காரர் அல்லாத எவரும் பீடத்தில் ஏறுவதானால், சபைக் கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்க்கக் கூடாது. விதியை மாற்றலாமென்றால் மூன்று மாதக் கூட்டங்களில் வாசிக்க வேண்டும். அதற்குள் தேர்தலே முடிந்துவிடும். அங்கே சபை நிர்வாகம் பார்க்கிற டீக்கன் கர்ட்டிஸ் மாடக்ஸ் எல்லோரிடமும் பேசிவிட்டார். "உங்க அக்காகிட்ட மட்டும் நீங்களே பேசிடுங்க பாஸ்டர், எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு" என்கிறார். செப்டம்பர் 17, புதன்கிழமை ஓட்டெடுப்பு. தம்பிக்காக இதைச் செய்வாய் என்று நம்புகிறேன்.

உன் அன்புத் தம்பி,
ராய்ஸ்


பிரெய்ரி ஸ்பிரிங்ஸ்
1980 ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு மாதம் கழித்து ஒரு கடிதம் போட்டாய். அதுவும் டாபின்ஸ் தயவில். அவருக்கு என் நன்றியைச் சொல்.

இங்கே குளம் வற்றிவிட்டது. ஆர்வல் நாலு மாட்டை விற்றார். வெண்டைக்காய் மட்டும் காய்த்துத் தள்ளுகிறது. மூன்று வேளையும் அதைப் பொரித்துப் போட்டு அவர் வாயை அடைத்துவைத்திருக்கிறேன். மெதடிஸ்ட் சபைக்காரர் என்பதால் அவருக்கு நம் கூட்டத்தில் ஓட்டு கிடையாது. கருத்து மட்டும் ஏராளம்.

டாபின்ஸுக்கு நான் ஓட்டுப் போடுவேன், ராய்ஸ். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். நல்ல மனுஷர், ரோடு போடுவார். பள்ளிக்கூட மைதானத்தில் பேசட்டும், நாற்காலி எடுத்துப்போட நானே வருகிறேன். பீடத்தில் மட்டும் வேண்டாம்.

அப்பா ஏன் அந்த விதியை எழுதினார் என்று உனக்குத் தெரியும். 1938இல் ஒரு வேட்பாளர் வந்து பேசிவிட்டுப் போனார், மறு ஞாயிறு பாதி சபை வரவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன் வர்ஜீனியாவில் நம் பாப்டிஸ்ட் பிரசங்கிகள் அரசாங்கத்திடம் உரிமம் வாங்க மாட்டோம் என்று ஜெயிலுக்குப் போன கதையை அப்பா சொல்வாரே. அரசாங்கம் நம் பீடத்துப் பக்கம் வரக் கூடாது என்று அடிபட்டவர்கள் நாம். இப்போது நாமே கார் அனுப்பிக் கூட்டி வருவதா?

ஜூனைக் கேட்டதாகச் சொல். பீச் ஜாம் இரண்டு பாட்டில் எடுத்துவைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள், தபாலில் உடையும்.

உன் அன்பு அக்கா,
நீவா


துல்சா
1980 செப்டம்பர் 5

பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

அப்பா காலம் வேறு. அப்போது பள்ளிக்கூடத்தில் காலையில் ஜெபம் இருந்தது. இந்த வருஷம் மட்டும் போதை மருந்தால் செத்த மூன்று பிள்ளைகளை என் கையால் அடக்கம் செய்திருக்கிறேன். கடைசிப் பையனுடைய அம்மா என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "சபை என்ன பண்ணிட்டிருந்துச்சு பாஸ்டர்?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? பீடத்தைச் சுத்தமாக வைத்திருந்தோம் என்றா?

உன்னைக் கையைத் தூக்கச் சொல்லவில்லை. அன்று ராத்திரி கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடு, போதும். தலைவலி என்று சொல். வராதவரின் ஓட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்த வட்டாரத்தில் முப்பது சபைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. என் சொந்த அப்பாவின் சபையே கதவைச் சாத்தினால் நான் எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்பேன்?

கெஞ்சிக் கேட்கிறேன்.

ராய்ஸ்


பிரெய்ரி ஸ்பிரிங்ஸ்
1980 செப்டம்பர் 18

அன்புள்ள ராய்ஸுக்கு,

எனக்குத் தலைவலி வரவில்லை. அதனால் போனேன்.

அந்தப் பையனுடைய அம்மாவைப் பற்றி நீ எழுதியதை நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. அவளுக்காக ஜெபம் பண்ணினேன். ஆனால் டாபின்ஸ் பீடத்தில் ஏறினால் அவளுக்கு என்ன ஆறுதல் என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

கூட்டத்தை நம் சபையின் இப்போதைய பாஸ்டர் டெரல்தான் நடத்தினான். பாவம், இளசு. "எதிர்க்கிறவங்க?" என்றான். கையைத் தூக்கினேன். அவன் மேலே பார்த்தான்.

"சிஸ்டர் நீவா, ஃபேனைக் குறைக்கச் சொல்றீங்களா?"

"ஃபேன் நல்லாதான் ஓடுது தம்பி. நான் எதிர்க்கிறேன்."

கர்ட்டிஸ் எழுந்தார். "வழக்கப்படி ஒருமனதாக்கிடலாம்" என்றார். எதிர்த்தவர் எழுந்து நின்றுவிட்டால் ஒருமனதாயிற்று என்று எழுதிக்கொள்கிற நம் வழக்கம்தான். எத்தனையோ தடவை நானும் எழுந்து நின்றிருக்கிறேன். பியானோவுக்கு நின்றேன். பச்சைக் கார்ப்பெட்டுக்கு நின்றேன். இன்றைக்கும் அதைப் பார்க்காமல் தாண்டித்தான் நடக்கிறேன். எல்லோரும் எழுந்தார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

"எழுந்திருங்க நீவா, முட்டி வலியா?" என்று கர்ட்டிஸ் கேட்டார்.

"முட்டி நல்லாருக்கு. இதுக்கு எந்திரிக்க மாட்டேன்."

டெரல் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தான். வாசலில் யாரும் என்னிடம் பேசவில்லை. என் ஞாயிறு பள்ளி வகுப்பிலிருந்து இரண்டு தாய்மார் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

உனக்குக் கோபம் வரும். வந்தால் எழுது, மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்பு அக்கா,
நீவா


துல்சா
1980 செப்டம்பர் 26

அக்காவுக்கு,

கர்ட்டிஸ் போனில் எல்லாம் சொன்னார். நீ வீட்டில் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் கேட்டேன்.

சிறு வயதிலும் நீ இப்படித்தான். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் எழுந்த பிறகும் பீட்ரூட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அன்று அது வேடிக்கையாக இருந்தது.

ராய்ஸ்


பிரெய்ரி ஸ்பிரிங்ஸ்
1980 அக்டோபர் 9

ராய்ஸுக்கு,

நேற்றைய கூட்டத்தில் நடந்ததை நீ அறிந்திருப்பாய். ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

முதல் விஷயமாக, சபையின் ஐக்கியத்தைக் குலைத்ததற்காக நீவா பாரோவை அங்கத்தினர் ஸ்தானத்திலிருந்து நீக்க வேண்டும் என்று கர்ட்டிஸ் முன்மொழிந்தார். நீக்குவதற்குப் பெரும்பான்மை போதும். அப்பா அந்த விதியை மட்டும் இறுக்கிவைக்கவில்லை. தன் மகளுக்கே அது வரும் என்று நினைத்திருக்க மாட்டார். பிறகு கர்ட்டிஸ் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். முதல் வரியிலேயே அது உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. பிரிவினை உண்டாக்குகிறவர் சொந்த இரத்தமாக இருந்தாலும் சபை தயங்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். வசனமும் காட்டியிருந்தாய். நன்றாக எழுதியிருந்தாய், குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு ஓட்டெடுத்தார்கள். அடுத்தபடியாக டாபின்ஸ் விஷயத்தை எடுத்தார்கள். எதிர்க்க ஆள் இல்லை, ஒருமனதாக நிறைவேறியது.

ஆர்வல் டிரக்கில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, சீக்கிரம் வந்துட்டே?"

"என்னை நீக்கிட்டாங்க."

"ஞாயிறு பள்ளியிலருந்தா?"

"சபையிலருந்து."

ரேடியோவை அணைத்தார். "எங்க மெதடிஸ்ட்காரங்க யாரையும் நீக்கறதே இல்ல. எங்க ரிஜிஸ்டர்ல பாதிப் பேரு செத்தவங்கதான்" என்றார். வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

எனக்கு வலிக்கிறது, ராய்ஸ். ஒன்பது வயதில் அந்தச் சபையில்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். சபை என்னை நீக்கியதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொள்வேன். உன் கடிதத்தைத்தான் தாங்க முடியவில்லை. அதை எழுதும் முன் எனக்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

நீவா


துல்சா
1980 அக்டோபர் 13

என் பிரியமான அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன். கர்ட்டிஸ் ஆலோசனை கேட்டார், பாஸ்டராகப் பதில் எழுதினேன். தம்பியாக எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். சபையில் வைத்து வாசிப்பார் என்று நினைக்கவில்லை.

இது தேர்தல்வரைதான். ஜனவரிக் கூட்டத்தில் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள கர்ட்டிஸிடம் பேசிவிட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ அவசியம் வர வேண்டும். நானே உன்னை அழைக்கிறேன். ஹாய்ட் டாபின்ஸ் உன்னைச் சந்திக்க ஆசைப்படுகிறார். நான் மேடையில் இருப்பேன். முடிந்ததும் ஜூனும் நானும் உன் வீட்டுக்கு வருகிறோம், சேர்ந்து சாப்பிடுவோம். பீச் ஜாமை மறக்கவில்லை.

உன் தம்பி,
ராய்ஸ்


பிரெய்ரி ஸ்பிரிங்ஸ்
1980 அக்டோபர் 20

ராய்ஸ்,

நேற்று நான் வந்ததை நீ பார்த்தாய். ஆராதனை முடிந்து உனக்காகக் காத்திருக்காமல் போய்விட்டேன் என்று ஜூன் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று சொல்லிவிடு.

டாபின்ஸ் நன்றாகவே பேசினார். ரோடு பற்றிக் கொஞ்சம் குறைவாகப் பேசியதாக எனக்குத் தோன்றியது. கைதட்டினார்கள். நம் சபையில் ஆராதனை நேரத்தில் கைதட்டி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அதற்கு முன்னால், அறிவிப்புகள் முடிந்ததும், டெரல் எப்போதும் போல, "இன்னிக்கு நம்ம நடுவுல வந்திருக்கிற விருந்தாளிங்க தயவுசெஞ்சு எழுந்து நில்லுங்க" என்றான். டாபின்ஸ் கூட்டிவந்த ஆட்கள் நாலைந்து பேர் எழுந்தார்கள். நான் அங்கத்தினர் இல்லையே, யோசித்துப் பார்த்தால் வேறு வழி இல்லை. எழுந்து நின்றேன். எல்லோரும் சேர்ந்து வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். நீ ஷூவைப் பார்த்துக்கொண்டு பாடினாய்.

கர்ட்டிஸ் வந்து விருந்தாளி ரிப்பனை என் சட்டையில் குத்தினார். ஊசி என் தோளில் பட்டது. "மன்னிச்சுக்கங்க நீவா" என்றார். ஊசிக்குத்தான் கேட்டிருப்பார். பிறகு விருந்தாளிகள் நிரப்பிக் கொடுக்கிற அட்டையை எனக்கும் கொடுத்தார். பென்சிலும் அவரே கொடுத்தார்.

பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன். எந்தச் சபை என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. உங்களை அழைத்தவர் யார் என்று கேட்டிருந்தது. உன் பெயரை எழுதினேன். பாஸ்டர் உங்களை வீட்டில் வந்து சந்திக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. டெரலை நினைத்து ஆம் என்று குறித்தேன். அந்தப் பிள்ளை ஆராதனை முழுக்க என் பக்கமே திரும்பவில்லை, அழுதுவிடுவான் போலிருந்தது. செவ்வாய்க்கிழமை வருகிறானாம். அவனுக்குச் சாப்பிட ஒரு பழப் பை சுடப் போகிறேன்.

ஜனவரிக் கூட்டத்தில் என் பெயரை எடுக்க வேண்டாம் என்று கர்ட்டிஸிடம் சொல்.

டெரல் வரட்டும். நீ வராதே.

நீவா பாரோ