தவிடு தின்ற சிட்டுகள்

டிசம்பர் 6, திங்கள்

ஐந்தாம் நாளாக மழை. ஜப்பான்காரன் கணக்கில் ஆண்டு 2603. என் கணக்கில் 1943தான்.

புக்கிட் ரம்பாய்க் கிராமத்தில், கல்யாணத்துக்குத் தைத்த என் கோட்டைக் கொடுத்து வாங்கிய நெல். நானே குத்தினேன், வெள்ளையாகும்வரை. மனைவி கமலத்துக்கு நல்ல அரிசி. தவிட்டைக் கொல்லையில் தூவினேன். சிட்டுகள் 14. புறா 2, ஒன்று நொண்டி. கமலம் அதற்கு 'ஹெட்மாஸ்டர்' என்று பெயர் வைத்தாள், என் பதவியைப் பறித்தவன் நினைவாக. பல நாளுக்குப் பின் சிரித்தோம்.

அவள் கால் வீக்கம் முழங்கால்வரை. அழுத்தினால் குழி.

டிச. 8

மழை. சிட்டு 22. தந்திக் கம்பியில் தகைவிலான்கள், வடக்கிலிருந்து. இவையாவது மார்ச்சில் திரும்பிப் போகும்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வேலியோரம் வந்தார்; தலைமுறைகளாக மலாய் மட்டுமே பேசும் குடும்பம். "டெடாக் காசி பூரோங்?" தவிட்டைப் பறவைக்கா போடுவது என்று கேள்வி. கூழில் கலக்க வேண்டுமாம், கொஞ்சம் கொடு என்றார். மாட்டுத் தீனியை மனிதருக்குக் கொடுத்துப் பழக்கமில்லை என்று மலாயிலேயே சொன்னேன். என் வானொலியை ஜப்பான்காரனிடம் காட்டிக்கொடுத்தவன் அவர் தம்பி. மறக்கவில்லை.

டிச. 11

காலையில் கடைசி நெல்லைக் குத்தியாயிற்று. தவிடு வழக்கம்போல் கொல்லைக்கு.

மதியம் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் வந்தார். என் பழைய மாணவர். கமலத்தின் காலை அழுத்திப் பார்த்தார். பெரிபெரி.

"என்னா சாப்பிடுறாங்க, சார்?"

தவிடு துளியும் ஒட்டாத வெள்ளை அரிசி என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

டிரெசர் பையை மூடினார். பிறகு: "ஊசி மருந்து எல்லாம் ஜப்பான்காரன்கிட்ட, சார். தவிட்டுல இருக்குற சத்து இல்லாமத்தான் இந்த வீக்கம், தவிடு கொடுத்தா கேக்கும். வீட்டுல இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே சிட்டுகள். இன்று எண்ணவில்லை.

டிச. 12

கொல்லைச் சேற்றை முறத்தில் அள்ளிக் கழுவினேன். உமி, மணல். சிட்டுகள் ஓடவில்லை. பழக்கிவிட்டது நான்.

செட்டி அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினேன். எங்கோ வாங்கி வைத்திருந்த தவிட்டை ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டிச. 14

மூச்சு இரைக்கிறது அவளுக்கு. தவிட்டுக் கூழ் இரண்டு வாய், பிறகு வாந்தி. வீக்கம் தொடைக்கு வந்துவிட்டது. கொட்டாங்கச்சியில் பாதி மீதி.

"குருவிக்குப் போட்டாச்சா?" என்றாள்.

போட்டாச்சு என்றேன்.

வேலி நெடுகச் சிட்டுகள் நனைந்து உட்கார்ந்திருந்தன, என் கையைப் பார்த்தபடி. ஜன்னலைச் சாத்தினேன்.