ஆற்றுநீர் கழுவிய நெற்றிமண்

மண்ணுக்கு உருத்தந்த முதற்குயத்தி காக்க. சூளை அணையாதிருக்க.

வனைகுன்றத்துச் சூளை மண்டபத்தில் இவ்வோலை எழுதப்பெற்றபோது இருந்தோர் இவர்: நடுவே, சுடாத செங்கல் அடுக்கிய இருக்கையில், தென்கரை ஏழூர்க்கும் அரசியாகிய கொற்றிநாச்சியார். அவர்க்கு இடப்புறம் பேரமைச்சர் விடங்கனார். எதிரே, உட்கார இயலாமையால் கட்டிலோடு தூக்கிவரப்பட்ட படைத்தலைவர் வெளிமான். நாச்சியாரின் வலப்புறத்து இருக்கை மேகக்கோட்டு இளங்கோமகள் தூவிக்கு உரியது; அதில் யாரும் அமரவில்லை. எல்லார்க்கும் கீழே, வெறுந்தரையில், நாவோலை எழுதும் எயினி.

இவ்வோலையை எழுதுகிறவளும் அவளே. குற்றம் செய்தவர் தம் செயலைப் பிறர் செயல்போல் வைத்து, கூட்டாமல் குறைக்காமல், அவையறியத் தாமே எழுதவேண்டும் என்பது வனைகுன்றத்து வழக்கு.

மேகக்கோட்டு வேந்தரும் சிறகுடைக் குடிகள் அனைவர்க்கும் தலைவருமாகிய எழினியார் திருமுன், நாச்சியாரின் வணக்கம். தங்கள் உச்சிக்கூடுகள் புயலறியாதிருக்க. தங்கள் குஞ்சுகள் கீழே விழாதிருக்க. வாழ்த்துக்குப்பின் சொல்லவேண்டிய செய்தி வாழ்த்தோடு ஒட்டாதது. தங்கள் மகள் தூவி இறந்துபட்டார். அவரைக் கொன்றது எம்முடைய கை.

எங்ஙனம் எனில், மண்மறவர் போர்செய்யும் முறை தாங்கள் அறிந்ததே. எனினும் அவையில் கேட்டிருப்போர் பொருட்டுச் சொல்கிறோம். மறவர் என்று பெயரே ஒழிய, அவை இரண்டாள் உயர மண்ணுருவங்கள். நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஓலை நறுக்கு வைக்கப்படும். அதில் எழுதியதைச் செய்யும், எழுதாததைச் செய்யா. ஓலையை உருவினால் அக்கணமே வெறும் பொம்மை. நம்மவரைப் பகைவரினின்று பிரித்தறிய, அவற்றை வனைந்த அதே மண்ணை நம்மவர் நெற்றியில் அப்புவோம். வறண்ட தெற்கெல்லையில் ஆறு தலைமுறையாக நடந்த போர்களில் இம்முறை ஒருநாளும் பிசகியதில்லை. பிசகாததனாலேயே அதைப்பற்றி யாரும் நினைத்துப் பார்த்ததுமில்லை.

இம்முறை பகை வடக்கிலிருந்து வந்தது. மூன்றாள் உயரமும், மூச்சுப்பட்ட இடத்தை உறையவைக்கும் வாயும் உடைய பனிநெடியோர் வெள்வாய் ஆற்றின் வடகரையில் இறங்கினர். தாங்கள் அனுப்பிய அறுபது சிறகோரோடு தூவி வந்துசேர்ந்தார். எயினி அவர் நெற்றியில் மண் அப்பியபோது, இந்தச் சேற்றோடு பறந்துபோனால் பெற்ற தாயே தன்னைக் காக்கை என்று விரட்டிவிடுவாள் என்று சொல்லிச் சிரித்தார். எயினியை அக்கா என்றே அழைத்தார். அதுவும் எழுதப்படவேண்டும் என்பதால் எழுதப்படுகிறது.

வெள்வாய் கடந்து தென்கரை ஏறுவோரை, நெற்றிமண் உடையோர் நீங்கலாகக் கொல்க என்று எயினி நாற்பது நறுக்குகளில் எழுதினாள். ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்தாள். எங்கும் ஒரு குறையும் தென்படவில்லை.

போர் விடியலில் வடகரையில் தொடங்கிற்று. நெடியோரின் பனிச்சம்மட்டி ஒருமுறை சுழன்றால் நால்வர் இடுப்பு முறிந்தது. முன்வரிசை கூழாயிற்று, பின்வரிசை அதன்மேல் வழுக்கி விழுந்து மிதிபட்டது. படைத்தலைவர் வெளிமானின் இரு கால்களும் அங்கேதான் போயின. தங்கள் சிறகோர் மேலிருந்து கல்லெனப் பாய்ந்து வேலைக் கண்ணில் இறக்கினர். குருடான நெடியோர் பதின்மூவர் தம்மவரையே அடித்துக் கொன்றதை இக்கரையில் நின்ற எயினி கண்டாள். பின் நெடியோர் தலைநிமிர்ந்து வானத்தை நோக்கி ஒருசேர மூச்சுவிட்டனர். சிறகுகள் வெள்ளையாகி விறைத்தன. பறந்துகொண்டிருந்தோர் கீழே விழுந்தனர். விழுந்ததும் பலர் நசுக்கப்பட்டனர்.

மிஞ்சியோர், எம்மவரும் தங்களவருமாக, கழுத்தளவு நீரில் மூழ்கியெழுந்து தென்கரைக்குப் பின்வாங்கினர். மண்மறவர் கரையிலிருந்து இறங்கிவந்து அவர்களைப் பிடித்தன. தலையை இரு உள்ளங்கைக்குள் வைத்து நெரிப்பது அவற்றின் பழக்கம். கரைமேட்டில் நின்ற எயினி, நெடியோர்தாம் ஏதோ மாயத்தால் நம்மவர் உருவில் வருகிறார்கள் என்று எண்ணினாள். மண்மறவர் ஏமாறவில்லையே என்று ஒரு கணம் அவள் மனம் மகிழ்ந்தது. மகிழ்ந்ததையும் மறைக்கவில்லை.

பிறகு ஒரு மண்கையில் தொங்கியவன் முகம் தெரிந்தது. அவள் தெருவில் முரசு கொட்டும் அழும்பன். நெற்றி, அப்போதுதான் குளித்தெழுந்தவன்போல், துப்புரவாக இருந்தது. ஆறு மண்ணைக் கழுவியிருந்தது.

அவள் நெற்றிமண் மட்டும் உலர்ந்திருந்தது. ஆகவே அவளால் இறங்க முடிந்தது. ஆற்றிலிருந்தோரைக் கரையேறவேண்டாம் என்று கத்திக்கொண்டே, வரிசையின் மேற்குமுனையிலிருந்து ஒவ்வொரு மண்மறவன் முதுகிலும் ஏறி ஓலையை உருவினாள். நடுவாற்றில் தூவிக்குப் புரிந்துவிட்டது. முன்னே மண்ணும் பின்னே பனியுமாக நின்ற கூட்டத்தை நிறுத்தி, உறைந்த சிறகைக் கேடயமாக்கி, தம் ஆட்களோடு நெடியோர் பக்கம் திரும்பினார்.

"எயினியக்கா, நீங்கள் உருவுங்கள். நாங்கள் நிற்கிறோம்."

முப்பத்துமூன்று ஓலை உருவும்வரை அவர்கள் நின்றார்கள். சம்மட்டி பட்டவர் நீரில் அமிழ, அந்த இடத்தில் அடுத்தவர் வந்து நின்றார். எம்மவர் இருநூற்றுவர் உயிரோடு கரையேறியது அதனால். தூவியின் வலக்கை தோளோடு போயிற்று. வெள்ளம் அவரைக் கிழக்கே அடித்துச் சென்று, ஓலை இன்னும் வாயிலிருந்த ஏழு மண்மறவர் முன் ஒதுக்கிற்று. கடைசி மண்மறவன் முதலில் அவர் சிறகை ஒடித்தது. பின் கழுத்தைப் பற்றிற்று. எயினி மற்ற ஆறையும் உருவிக்கொண்டே ஓடிவந்து அதன் ஓலையை உருவினாள். அதற்குள் விரல்கள் மூடியிருந்தன. ஓலை போனபின் திறக்கவுமில்லை.

எம்மவர் கரையேறிய பின், பிடுங்கிய ஓலைகளையே அவள் மீண்டும் முப்பத்தொன்பது வாய்களில் வைத்தாள். கரைக்கு வந்த நெடியோர் ஒருவர் மிச்சமில்லாமல் நெரிபட்டனர். ஏனையோர் வடகரைக்கு ஓடினர். நாற்பதாவதன் வாயில் அவள் ஓலை வைக்கவில்லை. அந்தக் கையை உளியால் உடைத்துத்தான் இளங்கோமகளை இறக்கினோம். தங்கள் அறுபதின்மரில் முப்பத்தெண்மரை நெடியோர் கொன்றனர்; இருபத்திருவரை நாம் கொன்றோம். திரும்பி வந்து சொல்ல ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லாததால், இன்று காலை இம்மண்டபத்தில் அமைச்சர் விடங்கனார், எல்லாரையும் நெடியோர் கொன்றதாகவே எழுதிவிடலாம் என்றார். நெடியோர் வடகரையில் பாடியிறங்கியிருப்பதையும், மேகக்கோட்டு நட்பு முறிந்தால் ஏழூரும் ஒரு மாதம் தாங்காது என்பதையும் எடுத்துரைத்தார். கழுத்திலுள்ள விரல்தடத்தைச் சந்தனம் மறைக்கும் என்றார். நாச்சியார் மறுத்துப் பேசவில்லை. வெளிமான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது தரையிலிருந்த எயினி, கேளாமலே பேசினாள். நட்புக் காணிக்கையாக இப்போரின் தொடக்கத்தில், நெற்றிமண்ணோடு, மேகக்கோட்டுக்கு நாம் தந்த இருபது மண்மறவர் அருவித்துறையில் காவல் நிற்கின்றன. அவற்றின் வாயிலும், துறையின் பெயர் மட்டும் மாற்றி அவள் எழுதிய இதே ஓலை. இறந்தவரைத் தோளில் சுமந்து, உற்றார் அனைவரும் அருவிக்கு அடியில் தலைநனைந்து கடப்பது சிறகோர் வழக்கம். தூவியின் உடல் அங்கே போய்ச் சேரும் நாளில் முதல் தோள் கொடுப்பவர் எழினியாராக இருப்பார் என்றாள்.

அமைச்சர், ஓலை பழசாகிவிட்டது, உருவிவிடுங்கள் என்று ஏதாவது காரணம் எழுதலாமே என்றார். நாச்சியார் இருக்கையை விட்டு எழுந்து தரையில் எயினிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மகளைக் கொன்றது யார் என்பதில் பொய் சொல்பவளை, ஓலை விஷயத்தில் மட்டும் அந்த மனிதர் எதற்கு நம்பவேண்டும்? நடந்ததை எழுது."

ஆகவே நடந்தது எழுதப்பட்டது. வேந்தர் இதைக் கேட்டவுடன், துறையில் ஒரு குஞ்சும் இறங்குமுன், அந்த இருபது ஓலைகளையும் உருவச்செய்க. உருவுவோர் நெற்றிமண் உலர்ந்திருக்கவேண்டும். அருவிச்சாரல் அடிக்கும் பக்கமாகப் போகாமல், பாறைவழியே பின்புறம் ஏறி, இடக்கையால் தாடையைத் தாழ்த்தி, வலக்கையால் இழுக்கவேண்டும். துணை கேட்கும் தகுதி இவ்வோலைக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை.

இளங்கோமகளின் உடல் ஒன்பதாம் நாள் துறையை அடையும். வண்டியோடு எயினி நடந்து வருகிறாள். அவள் நெற்றியில் மண் இராது. துறையில் முதலில் இறங்குபவள் அவளே என்பது நாச்சியாரின் ஆணை. அவள் வேறொன்றும் கேட்கவில்லை. இருபதையும் உருவுவதோ, பத்தொன்பதை உருவி ஒன்றை விட்டுவைப்பதோ, வேந்தர் விருப்பம்.

இப்படிக்கு இவை எழுதி, அவையில் உரக்கப் படித்து, ஈரமண்ணில் கொற்றிநாச்சியாரின் பெருவிரல் பதித்து, அனலில் காட்டி இறுக்கி, பருந்தின் காலில் கட்டப்பட்டது. விடுக.