நான் வைத்த மூன்று பிழைகள்

12-6-2006, திங்கள்
கடலூர் லேபில் மறுபடி அதே புகார். வேலம்மாளின் சர்க்கரை அளவு லூர்துசாமி பெயரில் அச்சாகியிருக்கிறது. அதை நம்பி அவர் மாத்திரையைக் கூட்டியிருந்தால்? உரிமையாளர் நடனசபாபதி என்னைக் கேட்கிறார். ஏழு வருடமாக ஓடும் புரோகிராம். கல்லூரி வாசலை மிதிக்காமல், புத்தகம் வைத்து நானே படித்து எழுதியது. பெயர் தானாக மாறாது. ரிசல்ட் சீட்டு அடிக்கும் ஜெயராணிதான் கைவைக்கிறாள் என்றேன்.

14-6
ஜெயராணியை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். லேப் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “போன மாசம் நீங்க போட்டுக் குடுத்தீங்களே, பழைய சீட்டைத் தேடுற கீ, அதை அமுக்கினாதான் சார் பேரு மாறுது. நான் எதுக்கு மாத்தப்போறேன்?”
எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாள்? அதுவே சந்தேகம்.

18-6, சிதம்பரம்
மகள் வீடு. மருமகன் சுரேந்தருக்கு அண்ணாமலை நகரில் ஆராய்ச்சி. புரோகிராமை ஓட்டாமலே, அதன் வரிகளை வாசித்தே பிழை பிடிக்கும் கருவி செய்திருக்கிறாராம். ஓட்டாமலே! “குடுங்க மாமா, உங்க லேப் புரோகிராமைப் போட்டுப் பாப்போம்.” என்னை மட்டம் தட்டவா? கொடுத்தேன் — எனக்கு மட்டும் தெரிய மூன்று பிழைகளைச் செருகிவிட்டு. எதைத் தவறவிடுகிறது, பார்ப்போம்.

19-6
நான்கு என்கிறது.
மூன்று நான் வைத்தவை. திரும்ப எண்ணினேன். வரி 212 — அதை நான் வைக்கவில்லை. இல்லை, ஏழு வருடம் முன்னால் வைத்திருக்கிறேன். ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது புரோகிராமின் ஒரு சிறு பகுதிக்குள், தற்காலிக இடத்தில் நோயாளி பெயரை எழுதி, அந்த இடத்தின் முகவரியை வெளியே கொடுத்திருக்கிறேன். ஃபங்ஷன் முடிந்ததும் இடம் அடுத்ததற்குப் போய்விடும்.
“லாட்ஜு ரூமைக் காலி பண்ணிட்டுப் போனவனைத் தேடி அதே கதவைத் தட்டுறீங்க மாமா. உள்ள வேற ஆளு படுத்திருக்கான்.” சிரிக்கிறார். சிரிக்கட்டும்.
போன மாதம் சேர்த்த, பழைய சீட்டைத் தேடும் ஃபங்ஷன், தான் படிக்கும் பெயரை அதே இடத்தில்தான் எழுதுகிறது. அந்தப் பெண் சொன்ன கீ.
புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே எச்சரித்திருக்கும். தொல்லை என்று எச்சரிக்கைகளை நிறுத்தி வைத்தது யார்? நான்தானே.

20-6
பிழை என்னுடையது, ஜெயராணியுடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். “வாயால சொன்னா போதாதா?” என்றார் நடனசபாபதி. போதாது.

26-6
ஜெயராணி வேலைக்கு வந்துவிட்டாள். ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கொடுக்கிறாள். இனி அது வேண்டாம், சரிசெய்துவிட்டேன் என்றேன். “இருக்கட்டும் சார்” என்றாள்.
நின்று பத்துச் சீட்டுகள் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. பதினோராவது ஆளிடமும் கேட்டாள்.