பி மைனர் வரும் இடம்

விரல் நுனியில் துருப்பிடித்த கம்பி வாசம். சாப்பிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. டிசம்பரில் கேரல் பாடிவிட்டு லோரியின் பின்னால் நெருக்கியடித்துத் திரும்பும்போது, பக்கத்தில் இருந்த உன் கையிலும் இதே வாசம்தான் அடிக்கும். என் கையில் அவ்வளவாக இருக்காது. ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

கிள்ளானில் நம் சர்ச்சுக்கு கிட்டார் என்றால் நாம் இருவர்தான். பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் மற்ற கோர்டுகளை எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். பி மைனர் மட்டும் எனக்கு வராது. ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டும். என் விரல் ஒரு கம்பியை அழுத்தினால் இன்னொன்றைக் கைவிட்டுவிடும். டொக்கென்று ஒரு செத்த சத்தம் வரும். அதனால் பாட்டில் அந்த இடம் வந்ததும் வலது கையைக் கம்பியில் படாமல் சும்மா ஆட்டுவேன். நீ ஓரக்கண்ணால் என் இடது கையைப் பார்ப்பாய். உடனே உன் கிட்டாரை ஓங்கித் தட்டுவாய். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பந்திங்கில் ஒரு வீட்டு வாசலில் கேக்குக்காகக் காத்து நின்றபோது சொன்னாய். "கத்துக்கோயேன் மச்சான். கொஞ்ச நாள் உக்காந்தா வந்துரும்."

"எதுக்கு? அதான் நீ இருக்கியேலா."

"நான் லீவு போட்டா மாட்டிக்குவே," என்று சிரித்தாய்.

மாட்டிக்கொண்டேன். நீ இறந்த நாற்பதாம் நாள் ஜெபத்தில் உன் மனைவி உன் கிட்டாரையே கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உனக்குப் பிடித்த பாட்டு. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முதல் அடி ஒழுங்காகப் போனது. பி மைனர் வரும் இடம் வந்தது. பழக்கதோஷம், கையைச் சும்மா ஆட்டினேன். ஓங்கித் தட்ட நீ இல்லை. கிட்டார் நின்றது, பாடியவர்களும் நின்றுவிட்டார்கள். பின்வரிசையில் ஓர் ஆன்டி விம்மத் தொடங்கினார். உன் மனைவி வந்து என் தோளைத் தொட்டார்.

"அவர நெனச்சதும் கை ஓடல, இல்லண்ணே?"

நான் தலையாட்டினேன்.

அந்த நேரத்தில் உன்னை நினைக்கவே இல்லை, மச்சான். என் விரலைத்தான் நினைத்தேன். உனக்காக நான் அழுதது வேறு நாள்களில், காரில், யாரும் பார்க்காமல். ஆனால் அன்று மீ கோரேங் சாப்பிடும்போது "பாவம், ரொம்ப உடைஞ்சி போயிட்டாரு" என்று எல்லோரும் பேசிக்கொண்டதைக் கேட்டபடி குனிந்து சாப்பிட்டேன். உன் சாவை என் சோம்பேறித்தனத்துக்குப் போர்வையாக்கிவிட்டேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் புதுக் கம்பி வாங்கி வந்து உட்கார்ந்தேன். "இந்த வயசுல பூனைய ஏன் மிதிக்கிறீங்க?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். விரல் தோல் உரிந்தது, பிறகு காய்த்தது. போன மாதம் ஒரு சாயங்காலம் எல்லாக் கம்பிகளும் ஒன்றாகப் பேசின. நீ தட்டும்போது வரும் அதே சத்தம். சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது. கொஞ்ச நாள் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று நீ சொன்னது உண்மைதான்.

நாளை உன் வருட நினைவு ஜெபம். காலையில் உன் மனைவி போன் செய்தார். "அண்ணே, அதே பாட்டுதான். அந்த எடத்துல போன தடவ மாதிரியே நிறுத்திருங்க. அப்ப அவரு பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு."

வாசிக்கத் தெரியாமல்தான் நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிம்மா" என்றுதான் வந்தது.

நாளை அந்த இடத்தில் நிறுத்துவேன். வலது கையை ஆட்ட மாட்டேன், மடியில் வைத்துக்கொள்வேன். இடது கையில் பி மைனரை முழுசாக, எந்தக் கம்பியும் தப்பாமல் அழுத்திப் பிடித்திருப்பேன். மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நீ வழக்கம்போல என் விரலைப் பார்.